தேசிக்கன்று வாங்கப் போகிறோம், வீட்டில் இரண்டு கட்சி

உப்புவெளிக்காரி:

வணக்கம். வளவில் ஒரு தேசி மரம் வைக்கவேண்டும். ஒன்றுதான் வைக்கலாம், இரண்டாவதுக்கு இடமில்லை, அதனால்தான் கன்று வாங்க முன்னமே உங்களிடம் வந்து நிற்கிறேன். இருப்பது திருகோணமலை உப்புவெளி, கடலுக்கும் எங்களுக்கும் நடுவே ஒரு ஒழுங்கையும் நாலு வீடும். மண் வெறும் மணல், கையில் அள்ளினால் விரலுக்குள்ளால் ஓடிவிடும். கிணறு இருக்கிறது, குழாய்த் தண்ணீரும் வருகிறது. குசினிக்குப் பின்னால் பதினைந்து அடிக்குப் பதினைந்து அடி நிலம் சும்மா கிடக்கிறது, பின்னேரம் மூன்று மணி வரை நல்ல வெயில், பிறகு பக்கத்து வீட்டு மாமர நிழல்.

அம்மாவுக்கு நாட்டுத்தேசிதான் வேண்டும், சின்னக்காய், மெல்லிய தோல், நிறைய விதை, கையைக் கிழிக்கிற முள். என் வீட்டுக்காரருக்கு அந்தப் பெரிய விதையில்லாத தேசி வேண்டும், கன்றுக்கடையில் தாகிற்றி என்று எழுதி வைத்திருந்தார்கள். விலை நாட்டுக்கன்றைப் போல ஐந்து மடங்கு. கடைக்காரர் இரண்டையும் ஒரே மாதிரிப் புகழ்கிறார், அவரிடம் கேட்டு என்ன பயன்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். அதே இடத்தில் முன்பு அப்பா வைத்த தேசி ஒன்று நின்றது. மூன்று வருடத்துக்கு முன் பட்டுப்போனது. முதலில் இலையின் நுனி தீய்ந்த மாதிரிக் காய்ந்தது, பிறகு இலை கொட்டியது, பிறகு கொப்பு நுனியிலிருந்து கீழே கீழே காய்ந்து வந்தது. நாங்கள் தினமும் தண்ணீர் விட்டோம், எருவும் போட்டோம், விடவிட மோசம். பக்கத்து வீட்டு ஆச்சி யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்றார். தேசிக்காயை வைத்துத்தான் கண்ணூறு கழிப்பது, தேசி மரத்துக்கே கண்ணூறு என்றால் எதை வைத்துக் கழிப்பது என்று எனக்கு விளங்கவில்லை.

அதற்குப் பிறகு காய் விலைக்குத்தான். விலை ஏறிய நாட்களில் கிலோ ஆயிரம் ரூபாயைத் தாண்டியபோது அம்மா ஒருநாள் சொதிக்குப் பழப்புளி விட்டுப் பார்த்தார். சாப்பிட்டு முடியும்வரை ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. எதை வாங்கலாம், சொல்லுங்கள்.

கன்னியாப்பக்கம்:

தங்கச்சி, அம்மா சொல்வதுதான் சரி, இதில் யோசிக்க ஒன்றும் இல்லை. சொதியை இறக்கி வைத்துவிட்டு ஒரு பாதி தேசிக்காய் பிழிந்தால் அடுப்படியில் நிற்கிறவருக்கு மட்டுமல்ல, முற்றத்தில் நிற்கிறவருக்கும் மணம் வரவேண்டும். அது நாட்டுத்தேசியில்தான் வரும். அந்தப் பெரிய காயில் சாறு நிறைய உண்டு, இல்லை என்று சொல்லவில்லை, புளிப்பும் உண்டு, ஆனால் அந்த மணம் கிடையாது. விதை இருந்தால் என்ன, ஒரு வடியைப் பிடித்துக்கொண்டு பிழிந்தால் முடிந்தது கதை.

அதோடு ஒட்டுக்கன்றுக்கு எதற்குக் காசு? நாட்டுத்தேசி விதையில் போட்டாலும் பெரும்பாலும் தாயைப் போலவே வரும். ஒரு விதையிலிருந்து இரண்டு முளை, சிலவேளை மூன்று வருவதைக் கண்டிருப்பீர்கள். அவற்றில் அநேகமானவை தாய்மரத்தின் நேர்ப்பிரதிதான், மாங்கொட்டை போட்டு எந்தச் சாதி வருமோ என்று பயப்படுவது போல இதில் பயப்படத் தேவையில்லை. ஒன்று மட்டும் கவனம், விதையைக் காயவைக்கக்கூடாது. பழுத்து மஞ்சளாகி விழுந்த பழத்தில் எடுத்து, கழுவி, அன்றைக்கே ஊன்றவேண்டும். என் வளவில் நிற்கும் மரம் அப்படி வந்ததுதான். ஐந்தாம் வருடம் பூத்தது. இப்போது எங்களுக்கும் அயலுக்கும் போக மிஞ்சுவதை மனைவி உப்பில் போட்டு வெயிலில் வைக்கிறார். பத்திரகாளி அம்மனுக்கு மாலை கட்டவென்று தெரிந்தவர்கள் வந்து பறித்துக்கொண்டு போவார்கள், மாலைக்கு ஒரே அளவான சின்னக்காய்தான் வேண்டும். உங்கள் வீட்டுக்காரரின் தாகிற்றியில் மாலை கட்டினால் அம்மனுக்குக் கழுத்து வலிக்கும்.

மான்களின் அயல்வீட்டாள்:

நான் எதிர்க்கட்சி. கன்னியா அண்ணைக்கு ஐந்து வருடம் பொறுமை இருக்கிறது, எனக்கு இல்லை. ஒட்டுக்கன்று என்றால் இரண்டு, மூன்று வருடத்தில் காய் பார்க்கலாம். என்னிடம் இருப்பது விதையில்லாத தேசிதான், பாதியாக வெட்டிய நீலப் பரலில், மாடிப்படிக்குப் பக்கத்தில் நிற்கிறது. நான்காவது வருடம் இது. முள் மிகக் குறைவு, இருந்தாலும் சின்ன முள். எழுபது வயது அம்மா காய் பறிக்கப் போகிறார் என்றால் இதை நினைத்துப் பாருங்கள். என் மாமியாருக்கு நாட்டுத்தேசி முள் குத்திய விரல் ஒரு கிழமை வீங்கி இருந்தது. தோல் கொஞ்சம் தடிப்பு என்பதால் பறித்து வைத்தாலும் சீக்கிரம் வாடாது, பிரிட்ஜில் நன்றாக இருக்கும். பச்சையாக இருக்கும்போதே பறித்துவிடவேண்டும், மஞ்சளாகும்வரை விட்டால் சுவை சப்பென்று போய்விடும்.

நாட்டுத்தேசியும் முன்பு வைத்திருந்தேன். மாரி வந்தால் போதும், இலையிலும் காயிலும் சொறி மாதிரித் தடித்த புள்ளி, சுற்றிவர மஞ்சள் வளையம். சொறிநோய் என்றார்கள். ஒரு மரத்தில் ஒரு காய் சுத்தமாக இல்லை. விதையில்லாததற்கும் அது வராமல் இல்லை, ஆனால் அந்த அளவுக்கு இல்லை. மணத்தைப் பற்றி அண்ணை சொன்னது உண்மைதான், அதை ஒத்துக்கொள்கிறேன், அதற்காக என் சொதியை யாரும் திருப்பி அனுப்பியதில்லை.

ரவுனில் இருப்பவர்களுக்கு ஒரு சொல்: எதை வைத்தாலும் மான் எட்டாத உயரத்துக்கு வேலி அடியுங்கள். கோட்டைப் பக்கத்தில் நின்று படம் எடுக்கிறவர்களுக்கு மான் அழகுதான். காலை ஐந்து மணிக்குக் கேற்றைத் திறந்தபோது மூன்று புள்ளிமான் என் முதல் கன்றின் தளிரை மொட்டையடித்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றதை நான் இன்னும் மறக்கவில்லை. முள்ளுக்குப் பயந்து சாப்பிடாது என்று யாரும் சொன்னால் நம்பவேண்டாம், இளந்தளிரில் முள் பஞ்சு மாதிரி.

பழைய போதனாசிரியர்:

பிள்ளை, நீங்கள் எல்லோரும் சாதியைப் பற்றி வாதாடுகிறீர்கள், அப்பாவின் மரம் ஏன் செத்தது என்று ஒருத்தரும் கேட்கவில்லை. அதற்குப் பதில் தெரியாமல் அதே குழியில் எதை வைத்தாலும் மூன்று வருடம் கழித்து இதே கேள்வியோடு வருவீர்கள்.

இலை நுனியிலும் ஓரத்திலும் தீய்வது, இலை கொட்டுவது, தண்ணீர் விடவிட மோசமாவது, இந்த மூன்றும் சேர்ந்தால் நான் முதலில் சந்தேகப்படுவது உப்பை. உப்புவெளிக்கு அந்தப் பெயரைச் சும்மா வைக்கவில்லை. தேசி, தோடை, எலுமிச்சை, இந்தக் குடும்பம் முழுக்க உவர் தாங்காது. மாரியில் மழைத்தண்ணீர் மேலே நிற்பதால் கிணறு நன்றாக இருக்கும், ஆனி ஆடியில் கச்சான், அதாவது தென்மேற்குக் காற்று, அடித்து நிலம் காய்ந்து, எல்லோரும் மோட்டர் போட்டு இறைக்கும்போது அடியிலிருந்து உவர் ஏறும். நீங்கள் பாவம் என்று தினமும் இரண்டு வாளி விடுகிறீர்கள், தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு வேரடியில் தங்கிவிடும். மருந்து என்று நினைத்துக் கொடுத்ததே நஞ்சு. ஆகவே இப்போது, கோடை முடியாத நேரத்தில், கிணற்றுத் தண்ணீரை வாயில் விட்டுப் பாருங்கள். நாக்குக்கு இலேசாக உவர்த்தாலே தேசிக்கு அது அதிகம். காசைப் பார்க்காமல் கோடை மாதங்களில் குழாய்த் தண்ணீரை விடுங்கள், ஒரு கன்றுக்கு என்ன பெரிய பில் வரப்போகிறது. தினமும் தெளிப்பதைவிட இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை ஆழமாக விடுவது நல்லது, இலையில் படக்கூடாது. அரிசி கழுவிய தண்ணீரை ஊற்றலாம், உடுப்புத் தோய்த்த தண்ணீர் வேண்டாம். கடற்பக்கம் வீடு மறைத்துக்கொண்டு நிற்பதால் குசினிப் பின்பக்கம் நல்ல இடம்தான், உப்புக்காற்று நேரே அடிக்காது. மாமர நிழல் பின்னேரம்தானே, பரவாயில்லை.

இனிச் சாதிக்கு வருவோம். மணல் நிலத்துக்கு நான் ஒட்டுக்கன்றையே சொல்வேன், மேலே நாட்டுத்தேசி, கீழே ஜம்பிரி வேர். ஜம்பிரி என்பது அந்தக் கரடுமுரடான தோல் உள்ள பெரிய எலுமிச்சை, பழம் ஒன்றுக்கும் உதவாது, வேர் ஆழமாகப் போகும், மணலிலும் வரட்சியிலும் நிற்கும். கன்னியாக்காரர் சொன்னபடி விதைக்கன்று தாயைப் போல வரும் என்பது சரி, ஆனால் அவருடைய நிலம் கிறவலும் செம்மண்ணும், அவருடைய கிணறு நல்ல தண்ணீர். ஒருவர் வளவில் வந்தது இன்னொருவர் வளவில் வரும் என்று இல்லை.

விதையில்லாததையும் தள்ளிவைக்கமாட்டேன். ஆனால் சிலர் அதைக் கொப்பில் பதி வைத்து வேர்விட்டதும் வெட்டி விற்கிறார்கள். அதற்கு ஆணிவேர் இராது, உங்கள் மணலில் கச்சான் அடித்தால் மரம் சாய்ந்துவிடும். ஒட்டா பதியா என்று அடித்தண்டைப் பார்த்தே சொல்லலாம். ஒட்டில் ஒரு சாண் உயரத்துக்குள் ஒரு முழி இருக்கும், தண்டு அந்த இடத்தில் இலேசாக வளைந்து, மேலே ஒரு நிறம் கீழே ஒரு நிறமாகத் தெரியும்.

சந்தேகம் இருந்தால் உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரைக் கமநல சேவை நிலையத்தில் கேளுங்கள், அல்லது 1920க்கு எடுங்கள், விவசாயத் திணைக்களத்தின் இலக்கம்தான்.

கிண்ணியா வாசி:

போதனாசிரியர் ஐயா சொன்ன அந்த முழி விசயத்தில் நான் அடிபட்டவன், ஆகவே கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். விதையில்லாத தேசி என்று ஒரு ஒட்டுக்கன்று வாங்கினேன், எங்கே என்று சொல்லவில்லை. முதல் வருடம் ஒட்டுக்கு மேலே நாலு இலை, மந்தமாக நின்றது. இரண்டாம் வருடம் கீழேயிருந்து ஒரு கொப்பு விசையாகக் கிளம்பியது, நேரே மேலே, நீளமான முள்ளோடு, பச்சையென்றால் அப்படி ஒரு பச்சை. எனக்குச் சந்தோசம் என்றால் சொல்லமுடியாது, வாப்பாவைக் கூட்டிவந்து காட்டினேன். அதுதான் மரம் பிழைத்துவிட்டது என்று நினைத்து மேலே நின்ற அந்த மெலிந்த கொப்பை நானே வெட்டினேன். நாலு வருடம் கழித்துக் காய்த்தது, முகத்தில் சிரங்கு மாதிரித் தோல், தடிப்பு ஒரு அங்குலம், பிழிந்தால் ஒரு சொட்டு. வேர்க்கட்டையை வளர்த்திருக்கிறேன்!

ஆகவே ஒட்டுக்குக் கீழே என்ன முளைத்தாலும் விரல் நகத்தளவு இருக்கும்போதே கிள்ளிவிடுங்கள், அழகாக இருக்கிறதே என்று விடவேண்டாம். நடும்போதும் அந்த முழி மண்ணுக்கு மேலே நிற்கவேண்டும். கடையில் இன்னொரு சோதனையும் உண்டு, ஒட்டுக்கு மேலே உள்ள இலையைக் கசக்கி மணந்து பாருங்கள். நாட்டுத்தேசி இலை ஊறுகாய்ச் சட்டியைத் திறந்த மாதிரி மணக்கும், தெரிந்த மூக்கு ஏமாறாது. உங்கள் உம்மாவைக் கூட்டிப்போங்கள், இந்த வேலைக்கு அவவைவிடப் பொருத்தமான ஆள் இல்லை.

புழுவைப் பற்றி யாரும் எழுதவில்லை. கன்று தளிர்விட்டதும் ஒரு கறுப்பு மஞ்சள் வண்ணத்துப்பூச்சி வரும், பிள்ளைகள் அழகு என்று துரத்துவார்கள், அது வருவது தளிரில் ஒவ்வொன்றாக முட்டை வைக்க. புழு முதலில் பறவை எச்சம் மாதிரியே இருக்கும், கறுப்பும் வெள்ளையும், நான் பல நாள் எச்சம் என்றே விட்டிருக்கிறேன். பிறகு பச்சையாகிப் பெருக்கும், தொட்டால் தலைக்குப் பின்னால் செம்மஞ்சள் நிறத்தில் இரண்டு கொம்பை நீட்டும், தேசிக்காய் அழுகிய மாதிரி ஒரு மணம் அடிக்கும். மருந்து அடிக்கவேண்டாம், சின்னக் கன்றில் காலையில் கையால் பிடித்துப் போடலாம். பெரிய மரத்தில் அது தின்றாலும் மரத்துக்கு ஒன்றும் ஆகாது. என் மாமரத்தில் முசுறு எறும்புக் கூடு உண்டு, தேசிக்குக் கயிறு ஒன்று கட்டிவிட்டேன், அதில் நடந்துபோய் அவை புழுவைத் தூக்கிவிடுகின்றன. காய் பறிக்கும்போது கடி வாங்குவது வேறு கதை.

உப்புவெளிக்காரி:

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. ஐயா, கிணற்றுத் தண்ணீரைக் குடித்துப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை, நாங்கள் அதற்குப் பழகிவிட்டோம் போல. பிறகு கொழும்பிலிருந்து வந்து நிற்கும் அக்காவின் மகனிடம் ஒரு கிளாஸ் கொடுத்தேன், ஒரு வாய் குடித்துவிட்டு, சித்தி இதில் உப்புப் போட்டீர்களா என்று கேட்டான். அப்பாவின் மரத்துக்கு நாங்கள் தினமும் இரண்டு வாளி அதைத்தான் ஊற்றினோம். அம்மாவுக்குச் சொன்னேன், கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை, பிறகு ஆச்சியை வீணாகக் குறை சொன்னோம் என்றார். நாங்கள் ஆச்சியைக் குறை சொன்னதே இல்லை, ஆச்சிதான் ஊரைச் சொன்னவர், அது போகட்டும்.

இனி ஒரு கேள்வி. குழி எப்படி வெட்டுவது? அடியில் தேங்காய் மட்டை போடவேண்டும் என்கிறார்கள். ஆனால் மார்கழியில் எங்கள் வளவில் மூன்று நாலு நாள் தண்ணீர் நிற்கும், கிணற்றில் கையை விட்டு அள்ளலாம்.

கன்னியாப்பக்கம்:

இரண்டடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி ஆழம். அடியில் உரிமட்டையை நார் மேலே பார்க்க இரண்டு அடுக்கு அடுக்கி, மேல்மண்ணும் உக்கிய மாட்டெருவும் கலந்து நிரப்பி, இரண்டு கிழமை விட்டு நடவேண்டும். மட்டை தண்ணீரைப் பிடித்து வைக்கும், கோடையில் அதுதான் காப்பாற்றும். ஐப்பசி மழை தொடங்கினதும் நட்டால் மாரி முழுக்க வேர் பிடித்துவிடும்.

பழைய போதனாசிரியர்:

அண்ணை சொன்ன குழி அவருடைய மேட்டுநிலத்துக்குச் சரி. தண்ணீர் நிற்கும் இடத்தில் அதே குழி தொட்டி மாதிரி ஆகிவிடும், தேசி நான்கு நாள் அதில் நின்றால் வேர் அழுகும், அடித்தண்டில் பட்டை வெடித்துப் பிசின் வடியும். ஜம்பிரி வேருக்கு அந்த நோய் இன்னும் சுலபமாக வரும், அதுதான் அதன் குறை. ஆகவே குழியைப் பாதியாகக் குறையுங்கள், ஒரு அடி போதும், மட்டை ஒரு அடுக்கு, பிறகு மண்ணையும் எருவையும் நிலமட்டத்துக்கு மேலே ஒன்றரை அடி மேடாகக் குவித்து அதன்மேல் நடுங்கள். மேடு ஒரு பாய் அளவு அகலம் இருக்கட்டும், சின்னக் கூம்பாகக் குவித்தால் முதல் மழையில் கரைந்துபோகும். கோடையில் சருகு பரப்பலாம், அடித்தண்டைத் தொடாமல் ஒரு சாண் தள்ளி. அந்த மழை உங்களுக்கு நன்மையும்தான், கோடையில் தங்கிய உப்பை எல்லாம் அது கழுவிக்கொண்டு போகும்.

மாரியில் சொறிநோய் வந்தால் காய்ந்த கொப்பை வெட்டி எரித்துவிட்டுப் போர்டோக் கலவை அடியுங்கள், மயில்துத்தம் 100 கிராம், நீற்றுச் சுண்ணாம்பு 100 கிராம், தண்ணீர் 10 லீற்றர். பிளாஸ்ரிக் வாளியில் கலக்கவேண்டும், இரும்பு வாளி கூடாது, கலக்கிய அன்றே அடித்து முடிக்கவேண்டும்.

மான்களின் அயல்வீட்டாள்:

அப்படியென்றால் என் கட்சி தோற்றுவிட்டதா? உப்புவெளி அக்கா, ஒரு பரலுக்கு எவ்வளவு இடம் போகப்போகிறது, உங்கள் வீட்டுக்காரருக்கும் ஒன்று வாங்கிக் கொடுங்கள். பரலில் என்றால் தண்ணீர் உங்கள் கையில், உவருக்கும் வெள்ளத்துக்கும் பயமில்லை. அடியில் நாலு ஓட்டை, கல்லின்மேல் தூக்கி வையுங்கள், மணலும் எருவும் தும்புச்சோறும் கலந்து போடுங்கள். கோடையில் தினமும் பார்க்கவேண்டும், பரல் சுடும், அதுதான் ஒரே கரைச்சல்.

உப்புவெளிக்காரி:

மூன்று கிழமை கழித்து எழுதுகிறேன். நாட்டுத்தேசி ஒட்டுக்கன்று வாங்கியாயிற்று. அம்மாவைக் கூட்டிப்போனேன், கிண்ணியா காக்கா சொன்னபடி. ஏழு கன்றின் இலையைக் கசக்கி மணந்தார், கடைக்காரருக்கு முகம் போன போக்கைப் பார்க்கவேண்டும். இரண்டு கன்றைப் பார்த்து இது தேசி இல்லை என்று தள்ளிவைத்தார், கடைக்காரரும் ஒன்றும் மறுத்துப் பேசவில்லை. மேடு போட்டாயிற்று, ஐப்பசி மழைக்குக் காத்திருக்கிறோம், அதுவரை கன்று பையோடு கிணற்றடியில் நிழலில் நிற்கிறது, குழாய்த் தண்ணீர்தான் விடுகிறோம். வீட்டுக்காரர் பரலுக்குச் சொல்லிவைத்திருக்கிறார், தாகிற்றி வரட்டும், பார்ப்போம்.

இன்று காலை குசினி யன்னல் படியில் ஒரு பழைய தயிர்ச்சட்டி இருந்தது, எடுத்துக் கழுவப் போனேன், அம்மா ஓடிவந்து கையைப் பிடித்துவிட்டார். உள்ளே மண். ஐந்து தேசி விதை போட்டிருக்கிறார், எங்களில் ஒருத்தருக்கும் சொல்லவில்லை. மூன்று முளைத்திருக்கிறது, அதில் ஒன்றில் இரட்டை முளை. கன்னியா அண்ணை, உங்கள் பக்கம் இடம் இருக்கிறதா?